முதல் மாடியில் ஊதா கிடையாது

லீமாவில் அமான்காயெஸ் ஹோட்டலின் டெலிபோன் போர்டுக்கு முன்னால் நான் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பெரிய மனிதர்களின் கோட்டையும் தொப்பியையும் பார்த்தவர்கள் வாசலில் நின்றவர்கள். அந்த மனிதர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு என்னென்ன கேட்டார்கள் என்பதைக் காதால் கேட்டவள் நான். அதனால் எனக்கு யார் மேலும் பெரிய மரியாதை கிடையாது, ஒருத்தியைத் தவிர. அவள் பெயர் சொராய்தா லொபத்தோன்.

சொராய்தா எங்கள் ஹோட்டலின் தலைமை ஹவுஸ்கீப்பர். நாலே முக்கால் அடி உயரம். இடுப்பில் நாற்பத்து மூன்று சாவிகள் கொண்ட ஒரு கொத்து. ஒன்றில்கூட எண் கிடையாது. விரலால் தடவியே எது எந்தக் கதவுக்கு என்று சொல்லிவிடுவாள். என் மகனுக்கு ஞானத்தாய் அவள்தான். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கோபம் வந்துவிட்டால் மட்டும் நான் அவளுக்கு வெறும் லிந்தா.

விருந்தாளி என்ன கேட்டாலும் அவள் முடியாது என்று சொன்னதில்லை. எதற்கு என்று கேட்டதும் இல்லை. “எத்தனை மணிக்கு வேணும்?” என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

வல்பராய்ஸோவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கப்பல் கேப்டன் வந்தார். கட்டில் ஆடாமல் இருக்கிறதாம், தூக்கமே வரவில்லையாம். சொராய்தா பழைய சோபா ஸ்பிரிங்குகளைப் பிரித்துக் கட்டிலின் நாலு காலுக்கும் கட்டச் சொன்னாள். முதல் நாள் கேப்டன் குழந்தை மாதிரி தூங்கினார். இரண்டாம் நாள் விடிகாலையில் வாந்தி எடுத்துவிட்டு எனக்குப் போன் செய்து, “இதுதாம்மா, இதேதான்!” என்று தழுதழுத்தார். பியூராவிலிருந்து வந்த பருத்தித் தோட்டக்காரர் தன் சண்டைச் சேவலுக்குத் தனி அறை கேட்டார். சொராய்தா குளியல் தொட்டியில் மரத்தூளைப் பரப்பி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்துச் சேவலைக் குடிவைத்தாள். விடிந்ததே தெரியாததால் சேவல் பத்து மணிவரை தூங்கியது. மாடியில் ஒருவருக்கும் தொந்தரவில்லை. ஆனால் நாலு நாளில் என் சேவலைச் சோம்பேறியாக்கி விட்டீர்கள் என்று தோட்டக்காரர் குதித்தார்.

“எல்லாம் பைத்தியங்க கொமாத்ரே,” என்பேன் நான்.

“பைத்தியம் இல்லடி. வீட்ல கேக்க முடியாதத இங்க வந்து கேக்குறாங்க. கேட்டுட்டுப் போகட்டும்,” என்பாள்.

இத்தனை கெட்டிக்காரிக்கு வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் வேறு சட்டம். அக்டோபர். அந்த மாதம் எங்கள் ஊரே ஊதா. அற்புதங்களின் ஆண்டவர் என்று நாங்கள் கும்பிடுகிற சிலுவை இயேசுவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாதம் முழுக்க ஊதா அங்கியும் இடுப்பில் வெள்ளைக் கயிறுமாக நடமாடுவார்கள். பேருந்தில், சந்தையில், பாங்கில், எங்கே பார்த்தாலும் கத்தரிப்பூ நிறம்தான். சொராய்தா கஞெத்தே பருத்திக்காட்டிலிருந்து வந்தவள். இந்த ஆண்டவரை முதலில் கும்பிட்டது எங்க கறுப்பு ஜனங்கதான், மற்றவங்கல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டவங்க என்று சொல்லுவாள். சொல்லும்போது அந்த நாலே முக்கால் அடியும் ஆறடியாகிவிடும்.

அவளுடைய நேர்த்திக்கடன் பழையது. மகள் நெல்லிக்கு இரண்டு வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் போர்வையை இழுத்து மூடக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொராய்தா நேர்ந்துகொண்டாள்: சாகிறவரை ஒவ்வோர் அக்டோபரும், முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை, ஒரு நாள் தவறாமல் அங்கி. நெல்லி பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூட வாத்தியாரம்மா, அம்மாவையே அதட்டுகிறாள். அது நடந்த அடுத்த மாதம்தான் சொராய்தா எங்கள் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிக்கும் வேலைக்கும் ஒரே வயது, இருபத்தாறு.

இத்தனை பக்தி இருந்தும், சப்பரத்தில் பவனி வரும் ஆண்டவரை அவள் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கோயிலில் படத்தைப் பார்த்திருக்கிறாள். பதினெட்டாம் தேதி சப்பரம் எங்கள் ஹோட்டலுக்கு முன்னாலேயே போகும். ஆனால் அன்றைக்குத்தான் ஒவ்வொரு பால்கனியிலும் விருந்தாளிகள் நிற்பார்கள், அவள் பின்கட்டில் தட்டும் துவாலையுமாக ஓடிக்கொண்டிருப்பாள். லீவு எடுத்துத் தெருவில் போய் நின்ற ஒரு வருஷமும் முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வந்தாள்.

அறுபத்தேழாம் வருஷ அக்டோபரில்தான் எர்சீலியா போந்தானி வந்தாள். இத்தாலியப் பாடகி. மூன்று கச்சேரி. பதிமூன்று, பதினைந்து, பதினேழு. ஊரே டிக்கெட்டுக்கு அடித்துக்கொண்டது. அவள் வருவதற்கு முன்னாலேயே அவளுடைய கோரிக்கைகள் வந்துவிட்டன, ஒன்பது பக்கம். பதினான்கு தலையணை. கட்டில் வடக்குப் பார்த்து. தொண்டைக்காக அறைக்குள் மூன்று கெட்டில்கள் ஓயாமல் ஆவி விட வேண்டும். அவளுடைய ஆமைக்கு லெட்யூஸ், நடு இலை மட்டும். பாடும் நாட்களில் சாயங்காலம்வரை அவள் வாய் திறக்க மாட்டாள், மணிதான் அடிப்பாள். ஒரு மணி அடித்தால் ஆவி, இரண்டு அடித்தால் பச்சை முட்டை, மூன்று அடித்தால் ஆமை.

இதெல்லாம் சொராய்தாவுக்கு ஒரு காலை வேலை. ஒன்பதாம் பக்கம்தான் வில்லங்கம்.

மேனேஜர் தோன் ரூபெர்த்தோ மெந்திபுருவின் அறைக்கும் என் போர்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் சொராய்தாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியதை ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

“ஊதா நிறம் எங்கயும் இருக்கக் கூடாதாம். துணி, பூ, திரை, வேலைக்காரங்க உடுப்பு, எதுலயும்.”

“ஏனாம் சார்?”

“அவங்க ஊர்ல மேடைக்காரங்களுக்கு ஊதான்னா ஆகாது. அந்தக் காலத்துல தவக்காலம் வந்தா கொட்டகைய மூடிருவாங்களாம். கோயில்ல ஊதாத் துணி ஏறினா இவங்க வயித்துல ஈரத்துணி. அந்தப் பயம் இன்னும் போகல.”

“பாவம். சரி சார், எத்தனை மணிக்கு வராங்க?”

“அது இருக்கட்டும். உன் அங்கிய ஆறு நாளைக்குக் கழட்டி வை.”

“அது முடியாது சார்.”

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அன்றுதான். நான் செருகியிருந்த ஒயரைத் தவறாகப் பிடுங்கி, யாரோ ஒரு வக்கீலின் பேச்சு பாதியில் அறுந்தது.

“அப்ப சாவிய வச்சுட்டு சலவைக்கூடத்துக்குப் போ. அந்தம்மா கிளம்பினதும் பார்க்கலாம்.”

மெந்திபுரு பார்க்கலாம் என்று சொன்ன எதையும் பிறகு பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. சொராய்தாவுக்கும் அது தெரியும்.

“சார், நான் ஒண்ணு சொல்றேன். அந்தம்மாவுக்கு வேண்டியத நான்தான் செய்வேன். அங்கியோடதான் செய்வேன். ஆனா அவங்க கண்ணுல நானும் பட மாட்டேன், ஊதாவும் படாது. ஊதான்னு அவங்ககிட்டேயிருந்து ஒரே ஒரு புகார் வரட்டும். நீங்க கேக்கவே வேண்டாம். நானே சாவியக் கொண்டாந்து இந்த மேசையில வச்சுட்டு சலவைக்குப் போயிர்றேன்.”

 அவளை விட்டால் பாடகியின் அறைகளைக் கவனிக்க வேறு ஆள் கிடையாது என்பது மெந்திபுருவுக்கும் உறைத்திருக்க வேண்டும். “ஒரே ஒரு புகார்,” என்றார்.

“ஒரே ஒரு புகார். அப்புறம் சார், அந்தம்மா வரதுக்குள்ள உங்க டைய மாத்திக்கோங்க.”

மெந்திபுரு குனிந்து தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டார். அக்டோபர் ஊதா டை. அதே டையைக் கட்டிக்கொண்டுதான் அரை மணி நேரம் ஊதாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். இதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் லட்சணம். அக்டோபரில் ஊதா எங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, மூக்கு மேல் இருக்கிற மூக்குக்கண்ணாடி மாதிரி.

சொராய்தா மட்டும் தனக்குத் தெரியும் என்று நம்பினாள். இரண்டு நாளில் முதல் மாடியை உரித்துப்போட்டாள். பால்கனியில் தொங்கிய ஊதாப் பட்டுத் துணியைச் சுருட்டித் துணி அறையில் பூட்டினாள். சுவர்ப் படத்திலிருந்த பிஷப்பின் இடைக்கச்சை ஊதாவாக இருந்ததால் பிஷப்பையே சுவரிலிருந்து இறக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். திராட்சைக் கொத்து போட்ட கம்பளம் போயிற்று. லாவெண்டர் குளியல் உப்பு போயிற்று. லிஃப்ட்காரர் பாஸ்குவாலின் சட்டையிலிருந்த ஊதா ரிப்பன் போயிற்று, அவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். எங்கள் சலவைக்கூடத்துக் குறி படுக்கை விரிப்பின் ஓரத்தில் சின்னதாய் ஊதா மையில் இருக்கும். இருபது வருஷமாக அதை யாரும் கவனித்ததில்லை. நாற்பது விரிப்பின் ஓரத்தையும் மடித்து நீல நூலால் தைக்க வைத்தாள். சமையற்கட்டில் ஊதா வெங்காயம், ஊதா உருளை, ஊதா ஆலிவ் எல்லாவற்றுக்கும் முதல் மாடியில் தடை. கச்சேரிக்காரர்கள் அனுப்பிய காருக்குக்கூடத் திரை தைத்துக் கொடுத்தாள், பாடகி தெருவைப் பார்க்காமலே போய்வர.

எர்சீலியா வந்து சேர்ந்தாள். உயரமான பொம்பளை, வெண்கல மணி போல் குரல். அறையில் எப்போதும் திரையை மூடி இருட்டாகவே வைத்திருப்பாள், கண்ணுக்கு ஓய்வாம். அவள் லிஃப்டில் கால் வைத்ததும் பாஸ்குவால் எனக்கு இரண்டு மணி அடிப்பார். நான் உடனே மாடிப் பின்கட்டுக்குப் போன் அடிப்பேன். சொராய்தாவும் இரண்டு பெண்களும் வேலைக்காரர் கதவு வழியாக உள்ளே போய், பதினொரு நிமிஷத்தில் பதினான்கு தலையணையையும் மாற்றி, ஆமையைக் குளிப்பாட்டி, கெட்டிலில் தண்ணீர் ரொப்பி வெளியே வந்துவிடுவார்கள். பாடகிக்குத் தெரிந்ததெல்லாம் போனில் கேட்கும் ஒரு குரல்தான்.

“மாடிப்படியில என்ன வாசனை?”

“மெழுகு வாசனைம்மா. போகணுமா? எத்தனை மணிக்கு?”

“புறா குரல் கேக்குது!”

“எத்தனை மணிக்குள்ள நிறுத்தணும்மா?”

புறாக்களை எப்படி நிறுத்தினாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

பதிமூன்றாம் தேதி முதல் கச்சேரி. கைதட்டல் சுமார்தான் என்று பத்திரிகையில் போட்டார்கள். பதினாலாம் தேதி மத்தியானம் பாடகி போனில் வந்தாள். குரலில் கொஞ்சம் நொறுங்கல் இருந்தது.

“எனக்குச் சூப் வேண்டாம். ரொட்டி வேண்டாம். மீன் வேண்டாம். தொண்டை மணல் மாதிரி இருக்கு. வழுக்கிக்கிட்டு இறங்குற மாதிரி ஏதாவது வேணும். சூடா.”

“எத்தனை மணிக்கு வேணும்?”

“இப்பவே.”

சொராய்தா அப்போது வீட்டிலிருந்து பெரிய தூக்கு நிறைய மசமோர்ரா கொண்டுவந்திருந்தாள், எங்கள் எல்லோருக்கும். அக்டோபரில் மசமோர்ரா காய்ச்சாத வீடு எங்கள் ஊரில் உண்டா? சோளத்தைப் பட்டை, கிராம்பு, அன்னாசித் தோலோடு கொதிக்கவிட்டு, உலர்ந்த பழம் போட்டு, சர்க்கரைவள்ளி மாவு கரைத்துக் கிண்டுகிற கூழ். தொண்டை வலிக்கும் குழந்தைக்கு அதைத்தான் ஊட்டுவோம். அவள் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே பட்டைப் பொடி தூவி, அனுப்பினாள். பதினைந்தே நிமிஷத்தில் கிண்ணம் வழித்து நக்கினதுபோல் திரும்பியது. கூடவே போன்: “இது என்னவோ, தினமும் வேணும்.”

தினமும் போயிற்று. பதினைந்தாம் தேதி அதைத் தின்றுவிட்டுப் போய்ப் பாடினாள். கைதட்டல் அடங்காமல் ஏழு தடவை திரையைத் தூக்கினார்களாம். பதினாறாம் தேதி இரண்டு கிண்ணம். சொராய்தா பூரித்துப்போனாள்.

அந்தச் சோளம் ஊதாச் சோளம். அந்தக் கூழ் அப்பட்டமான ஊதா. அதன் முழுப் பெயரிலேயே நிறம் இருக்கிறது. சமையற்காரர் பார்த்தார், தட்டு தூக்கின பெண் பார்த்தாள், நான் வழித்துத் தின்றேன், நாற்பது விரிப்பின் ஓரத்தை மடித்துத் தைக்க வைத்த சொராய்தா தன் கையாலேயே கிண்டினாள். எங்களில் ஒருவர் கண்ணில்கூட அது படவில்லை. எங்களுக்கு அது நிறம் இல்லை, சாப்பாடு.

பதினேழாம் தேதி, கடைசிக் கச்சேரி. சாயங்காலம் ஐந்து மணி. முதல் மாடிப் பாடகி அறையின் விளக்கு என் போர்டில் எரிந்தது. பாடும் நாளில் மணிதானே அடிப்பாள், போன் எதற்கு என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். காது கிழிந்தது.

“என் நாக்கு! என் நாக்கு ஊதா! பல்லு ஊதா! கிண்ணம் ஊதா! இத அனுப்பினது யாரு? மேனேஜர கூப்பிடு! அனுப்பினவள வரச் சொல்லு!”

நாலு மணிக்கு இன்னொரு கிண்ணம் தின்றுவிட்டு, கிளம்புவதற்காக விளக்கைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள். மற்ற நாட்களில் எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கொப்பளித்ததில் கறை போயிருந்தது. அன்றைக்கு இன்னும் கொப்பளிக்கவில்லை.

 மேனேஜர் ஒயரைக் கையில் எடுத்தேன், ஆனால் செருகவில்லை. பின்கட்டுக்கு அடித்தேன்.

“கொமாத்ரே, மசமோர்ரா! அது ஊதா!”

 “ஆண்டவரே,” என்றாள். அவள் கண் அப்போதுதான் திறந்தது என்று எனக்குத் தெரிந்தது.

“இதோ பாரு, இன்னும் யாருக்கும் தெரியாது. மேனேஜர் லைன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிர்றேன். அந்தம்மா நாளைக்குக் காலையில விமானம் ஏறிருவா. அதுவரைக்கும் நான் ஒயர மாத்தி மாத்திச் சமாளிச்சுக்கிறேன். உன் சாவி உன் இடுப்புலயே இருக்கும்.”

“லிந்தா,” என்றாள். கொமாத்ரே இல்லை. “இருபத்தாறு வருஷமா சொன்ன சொல்லுக்காக இந்தத் துணிய உடுத்திக்கிட்டு இருக்கேன். இப்ப சாவியக் காப்பாத்தணும்னு கொடுத்த வாக்க மீறிட்டா, அப்புறம் இது வெறும் துணிதானடி. மேனேஜருக்குக் கொடு லைன.”

கொடுத்தேன். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். பெருமையாகவும் இருந்தது, அதை அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மெந்திபுரு போனில் நாலு தடவை மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் சொராய்தா அவர் மேசைக்கு முன்னால் நின்றாள். சாவிக்கொத்து மேசையில் விழுந்த சத்தம் பலகைச் சுவரைத் தாண்டிக் கேட்டது.

“புகார் வந்துருச்சு சார். கூழ் நான் கிண்டினது. வரச் சொல்லியிருக்காங்க, போறேன்.”

“இந்த அங்கியோடயா?”

“கெட்டது கெட்டுப்போச்சு. இனிமே மறைஞ்சு நின்னு என்ன ஆகப்போகுது?”

மேலே போனாள். பாடகி ரிசீவரை மேசை மேல் எறிந்திருந்ததால் லைன் திறந்தே கிடந்தது. நான் அதை மூடவில்லை. போர்டுக்காரி அதைச் செய்யக் கூடாதுதான். செய்தேன்.

கதவு திறந்தது. ஒரு அலறல், உச்சஸ்தாயியில்.

“கத்தாதீங்கம்மா,” என்றது சொராய்தாவின் குரல். “தொண்டை போயிரும். எட்டு மணிக்குப் பாடணும்.”

“இந்தக் குரல்... நீதானா அது? போன்ல?”

“நான்தான். ஆறு நாளா உங்க தலகாணிய மாத்தினவ. அந்தக் கூழக் கிண்டினவளும் நான்தான்.”

“எனக்கு விஷம் வச்சிருக்க! இன்னைக்கு நான் எப்படிப் பாடுவேன்? ரெண்டாயிரம் பேரு!”

“முந்தாநேத்து பாடின மாதிரி பாடுங்க. அன்னைக்கும் இதத் தின்னுட்டுத்தான் போனீங்க. ஏழு தரம் திரை தூக்கினாங்களாமே. அதுக்கு முந்தி, இது வயித்துல இல்லாத அன்னைக்கு, எத்தனை தரம் தூக்கினாங்க?”

 கெட்டில்களின் ஆவிச் சத்தம் மட்டும் கேட்டது.

“ரெண்டு,” என்றாள் பாடகி. அது வேறு குரல், சின்னக் குரல்.

“நான் ஊதாவ ஒளிச்சதெல்லாம் உங்க பயத்த மதிச்சுத்தாம்மா. இந்தக் கூழு எங்க கண்ணுக்கு ஊதாவாத் தெரியல, அது எங்க தப்பு. மன்னிச்சுருங்க.”

“அப்ப இது ஏன்? இந்த அங்கி?”

சொராய்தா சொன்னாள். நெல்லி, நர்ஸ், போர்வை. நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

“ஒரு நாள் கழட்டினா என்ன ஆகும்?” என்று கேட்டாள் பாடகி.

“கழட்டினதில்ல. அதனால தெரியாது.”

“நானும் ஊதா இருக்குற மேடையில ஏறினதில்ல. அதனால எனக்கும் தெரியாது.” பிறகு, “உனக்குப் பயமா இருக்குமா?”

“பயம் இல்லாதவ எதுக்கும்மா நேர்ந்துக்கப்போறா? உங்களுக்கு இருக்குற அதே பயம்தான். உங்களுது ஊதாவப் பார்த்தா. என்னுது பார்க்கலேன்னா.”

நாற்காலி கிறீச்சிடும் சத்தம். யாரோ உட்கார்ந்தார்கள், பாடகியாகத்தான் இருக்க வேண்டும்.

“அந்தக் கூழ் இன்னும் இருக்கா?”

“எத்தனை மணிக்கு வேணும்?”

“இப்பவே. விளக்க அணைச்சுட்டுக் கொடு.”

அன்று ஒன்பது தடவை திரை தூக்கினார்கள். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆனால் பதினெட்டாம் தேதி காலையில் சொராய்தா பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஊதா அங்கி மேல்தான், சலவைக்கூடத்தில் விரிப்பு பிழிந்துகொண்டிருந்தாள். புகார் என்றால் புகார்தான் என்றாள். சாவிக்கொத்து மெந்திபுருவின் மேசையில் கிடந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு துணி அறையைத் திறக்க அவர் நாற்பத்து மூன்றையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அற்பத் திருப்தி.

விடிந்ததிலிருந்து மூடுபனி. விமானம் கிளம்பவில்லை. தெருவில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. பத்து மணிக்கு முதல் மாடி விளக்கு எரிந்தது.

“தெருவெல்லாம் ஊதா,” என்றாள் பாடகி.

“ஆமா மதாம். இன்னைக்கு ஊர்வலம். திரைய மூடச் சொல்லட்டுமா?”

“இன்னைக்கு நான் பாடல. எத வேணும்னாலும் பார்ப்பேன். அந்த ஊதாக்காரி எங்க? என் ஆமைக்கு வேற யாரோ வெளி இலையக் கொண்டு வந்திருக்காங்க.”

“சலவைக்கூடத்துல துணி பிழியுறா.” எனக்கு வாய் நிற்கவில்லை. “உங்க புகாரால. ஒரே ஒரு புகார் வந்தா சாவியக் கொடுத்துர்றேன்னு மேனேஜர்கிட்ட வாக்குக் கொடுத்திருந்தா. நீங்க புகார் பண்ணீங்க. கொடுத்துட்டா.”

“நான் எங்க புகார் பண்ணேன்? யாருன்னு கேட்டேன். வரச் சொன்னேன். நான் புகார் பண்ணியிருந்தா இந்தக் கட்டடம் நின்னுக்கிட்டா இருக்கும்? உங்க மேனேஜர கூப்பிடு.”

இந்தத் தடவை ஒயரைச் செருக எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

மெந்திபுரு தானே சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்கு இறங்கினார். நனைந்த தரையில் வழுக்கி, ஒரு கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். சொராய்தா ஈரக்கையோடு கேட்டாள்:

“அது புகார் இல்லேன்னு அவங்களே சொன்னாங்களா?”

“அவங்களேதான், தோன்யா சொராய்தா.” தோன்யா என்று மரியாதை வைத்து அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “முதல்ல அந்தத் துணி அறையத் திறந்து கொடுங்க, புண்ணியமாப் போகும்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கொத்தை வாங்கி, பார்க்காமலே ஒரு சாவியை விரலால் நீக்கி நீட்டினாள். பிறகு கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு மேலே போனாள்.

லைன் மறுபடியும் திறந்தே கிடந்தது. இந்தத் தடவை பாடகி வேண்டுமென்றே வைத்தாளோ என்னவோ.

“ஆறு நாளா நான் கேட்டேன், நீ கொடுத்த,” என்றாள் பாடகி. “உனக்கு என்ன வேணும்?”

இருபத்தாறு வருஷத்தில் அந்த ஹோட்டலில் யாரும் அவளை அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் உடனே பதில் சொன்னாள். அவ்வளவு காலமாக நாக்கு நுனியிலேயே இருந்திருக்க வேண்டும்.

“இந்தப் பால்கனி வேணும்மா. சப்பரம் போற நேரம் மட்டும்.”

“எத்தனை மணிக்கு வேணும்?” என்றாள் எர்சீலியா போந்தானி.

பதினொன்றரைக்கு வாத்திய சத்தம் நெருங்கியது. சாம்பிராணிப் புகை என் சின்ன அறைக்குள்கூட வந்துவிட்டது. போர்டில் ஆறு விளக்கு ஒரே நேரத்தில் எரிந்தது. யாருக்கோ ஐஸ் வேண்டும், யாருக்கோ காவல் நிலையம் வேண்டும். நான் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, ஆள் மாற்றாமல் நான் போர்டை விட்டு எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

தெருவில் இடித்துப் புகுந்து நிமிர்ந்து பார்த்தேன். ஊதாவே கண்ணில் படக் கூடாது என்ற முதல் மாடியில், துணி அறையிலிருந்து மறுபடி வெளியே வந்த ஊதாப் பட்டு தொங்கும் பால்கனியில், சொராய்தா நின்றாள். ஊதா அங்கி, வெள்ளைக் கயிறு, இடுப்பில் சாவிக்கொத்து. கம்பிக்கு மேல் எட்டிப் பார்க்க உயரம் போதாமல், கெட்டில் வைக்கிற முக்காலி மேல் ஏறி நின்றாள். அவளுக்குப் பின்னால், அறைக்குள், பாடகி ஆமையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். அவ்வளவு சீக்கிரம் யார்தான் மாறிவிடுவார்கள்?

சப்பரம் ஹோட்டலுக்கு நேராக வந்தபோது மணி அடித்து இறக்கினார்கள். ஆண்டவரின் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. நாலு கை தூரம்கூட இருக்காது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை, கும்பிடவும் இல்லை. ரொம்ப நாள் பழகின ஒருவரைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எப்படித்தான் அவள் கண்ணில் பட்டேனோ, அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில்.

“லிந்தா! போர்ட யாருடி பாக்குறா?”

“யாரும் இல்ல!” என்று நானும் கத்தினேன்.

வேறு நாளாக இருந்தால் என் தோலை உரித்திருப்பாள்.  அன்றைக்கு மறுபடியும் சப்பரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணி அடித்து அவர்கள் தூக்கிக்கொண்டு போய், கடைசி மெழுகுவர்த்தி தெருமுனை திரும்புகிறவரை, முக்காலியை விட்டு இறங்கவே இல்லை.